ராணி இருந்தும் நேரம் முடிந்து தோற்றது நியாயமா?

ராணியும் சிப்பாயும் உங்களிடம், ஒற்றைக் குதிரை எதிராளியிடம். நேரம் முடிந்ததும் லிசெஸ் (இணையச் செஸ் தளம்) உங்களுக்குத் தோல்வி கொடுத்துவிட்டது. எரிச்சல் வரும்தான். ஆனால் அது ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) விதிதான்: எவ்வளவு அசட்டுத்தனமாக ஆடினாலும் செக்மேட் வரவே முடியாது என்றால் மட்டுமே டிரா. நீங்கள் கறுப்பு, ராஜா ஏ1, சிப்பாய் ஏ2. வெள்ளை ராஜா சி1, குதிரை பி3-க்கு வந்தால் மேட்! உங்கள் சிப்பாயே வழியை அடைக்கிறது.

இன்னொரு தளமான செஸ்.காமில் இதே ஆட்டம் டிரா. அங்கே ஒற்றைக் குதிரையைப் போதாத படையாகவே கணக்கிடுகிறார்கள். எனக்கென்னவோ ஃபிடே வழிதான் சரி. கடிகாரமும் ஆட்டத்தில் சேர்த்திதானே.

அடுத்த முறை சிப்பாயையும் ராணியாக்கிவிடுங்கள். ராணிகள் மட்டும் இருந்தால் குதிரையால் மேட் செய்யவே முடியாது, லிசெஸிலும் டிராதான். அப்புறம், 3+0 (மொத்தம் மூன்றே நிமிடம்) வேண்டாம், 3+2 (ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு வினாடி கூடும்) ஆடுங்கள்.