உட்ஸ் ரோஜர்ஸ் டெம்ப்ளரா?

நண்பரே, கல்லூரிக் கட்டுரையில் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் உட்ஸ் ரோஜர்ஸை டெம்ப்ளர் ரகசிய சபையின் உறுப்பினர் என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது வீடியோ கேமுக்காகக் கட்டிய கதை. இடைக்காலக் கிறிஸ்தவப் போர்வீரத் துறவிகளின் அமைப்பான டெம்ப்ளர் சபையைப் போப் ஐந்தாம் கிளமென்ட் 1312-லேயே கலைத்துவிட்டார். ரோஜர்ஸ் பகாமாஸ் தீவுகளின் ஆளுநராக அங்குள்ள நாசோ நகரில் இறங்கியதோ 1718-இல்.

அந்தப் பத்தியை நீக்கிவிட்டு அவருடைய உண்மையான வாழ்க்கையை எழுதுங்கள். கற்பனையைவிட அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. எதிரிக் கப்பல்களைப் பிடிக்க அரசு உரிமம் பெற்று 1708-இல் பிரிஸ்டலிலிருந்து கிளம்பினார். மறு ஆண்டு ஆளில்லாத் தீவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனித்திருந்த அலெக்சாண்டர் செல்கிர்க்கை மீட்டார். அதே ஆண்டு ஸ்பானியக் கப்பலைப் பிடிக்கும்போது தாடையில் குண்டு பாய்ந்தது. ஆணைகளை எழுதிக் காட்டியே கப்பலை நடத்தினார்.

பின்னர் ஆளுநராக வந்து, நாசோவில் சரணடைந்த கடற்கொள்ளையருக்கு பிரிட்டிஷ் மன்னரின் மன்னிப்பு கொடுத்தார். மீண்டும் கொள்ளைக்குத் திரும்பியவர்களில் எட்டுப் பேரை 1718 டிசம்பரில் தூக்கிலிட்டார். கோட்டையைச் சீர்செய்யச் சொந்தப் பணத்தைக் கொட்டினார். லண்டன் அரசு அதைத் திருப்பித் தரவில்லை, கடனுக்காகச் சிறை சென்றார். பெரும் அநியாயம் அது. ஆனால் அவர் அடிமை வணிகமும் செய்தவர், அதை மறைக்காதீர்கள். மீண்டும் ஆளுநராகி, 1732-இல் நாசோவிலேயே இறந்தார்.