அண்ணன் இ-சைக்கிளோடு வந்து நிற்கிறார்

கேள்வி: ஞாயிறுதோறும் காலை ஐந்தரைக்குத் திருவான்மியூரில் கிளம்பி, ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் போய் வரும் சைக்கிள் குழு எங்களுடையது. எட்டு வருடமாக எங்களோடு வரும் ஓர் அண்ணனுக்கு வயது 61. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது இ-சைக்கிள் வாங்கியிருக்கிறார். பாதிப் பேர் ‘வரட்டும்’ என்கிறார்கள். மீதிப் பேரோ, ‘மோட்டார் வைத்தால் அது சைக்கிளிங்கே இல்லை. இன்று ஒருவரை விட்டால் நாளைக்கு நாலு பேர் வருவார்கள்’ என்கிறார்கள். குழுவை நடத்துபவன் நான். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இவ்வளவு தூரம் ஓட்டலாமா என்று அவர் தன் டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும், அது ஒன்றுதான் முன்நிபந்தனை. மற்றதெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியவை.

‘அது சைக்கிளிங்கே இல்லை’ என்ற பேச்சுக்கு ஓர் இடம் உண்டு. 2016இல் பெல்ஜியத்தில் நடந்த உலகப் போட்டியில் ஒரு வீராங்கனையின் சைக்கிளுக்குள் மோட்டார் ஒளிந்திருந்தது தெரிந்து, அவருக்கு ஆறு வருடத் தடை விதித்தார்கள். பிஆர்எம் எனப்படும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்திலும், பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் 200 கிலோமீட்டரை உங்கள் கால் பலத்தில் மட்டுமே முடிக்க வேண்டும். அங்கே அளக்கப்படுவதே உழைப்புதான், அதனால் மோட்டாருக்கு இடமில்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் யார் எதை அளக்கிறார்கள்? மாமல்லபுரத்தில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போகிறீர்கள். எட்டு வருடமாக அந்த மேசையில் இருந்தவர் அவர்.

அவர் மோட்டாரில் பறந்துவிடுவாரோ என்ற பயமும் ஈசிஆரில் தேவையில்லை. நம் நாட்டு விதிப்படி 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. சமதரையில் நீங்கள் 27, 28இல் போனால் அவர் மோட்டார் ஓய்ந்துவிடும், இருபது கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை அவர் காலால்தான் தள்ள வேண்டும். ஏலகிரியின் 14 வளைவுகளில் கதை வேறு. அங்கே அவர் முந்துவார், மேலே போய்க் காத்திருக்கட்டும்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. விலை குறைந்த இ-சைக்கிள்களில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார்தான் இருக்கும், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அதற்குத் தெரியாது. பெடலை நிறுத்தினாலும் மோட்டார் ஒரு கணம் இழுத்துக்கொண்டே போகும். நண்பரின் வண்டியை ஒருமுறை முட்டுக்காடு பக்கம் ஓட்டிப் பார்த்தேன். முன்னே போலீஸ் தடுப்பு வந்ததும் எல்லோரும் பெடலை நிறுத்தினோம். என் வண்டி மட்டும் முன்னே நகர்ந்தது. என் முன்சக்கரம் முன்னால் போனவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில், நாலு விரல் இடைவெளியில் நின்றது. அவர் சற்று வளைந்திருந்தால் இரண்டு பேரும் தரையில்தான். பிரேக் பிடியை லேசாகத் தொட்டாலே மோட்டார் அணைந்துவிடும் என்று அப்புறம்தான் சொன்னார்கள், பிடியிலேயே ஸ்விட்ச் இருக்கிறது. அண்ணனிடம் இதை முதல் நாளே சொல்லுங்கள். இரண்டு விரல் பிரேக்கில் இருக்கட்டும். கை பழகும்வரை வரிசையின் கடைசியில், ஒரு சைக்கிள் நீளம் விட்டு வரட்டும்.

அவரை முன்னால் விட்டு, காற்றைத் தடுத்துக்கொண்டு வரிசையை இழுக்கச் சொல்லவும் வேண்டாம். எதிர்காற்று வரும்போது முன்னால் போகிறவருக்குக் கால் கனக்கும், வேகம் தானாகக் குறையும், பின்னால் வருகிறவர்களும் பிழைத்துக்கொள்வார்கள். மோட்டார் உதவுகிறவருக்குக் காற்று அவ்வளவாக உறைக்காது. அவர் அதே வேகத்தில் போக, வரிசை நீண்டு, அறுந்து, கடைசி ஆள் தனியாகிவிடுவார்.

உண்மையான ஆபத்து திரும்பும் வழியில் இருக்கிறது. மாமல்லபுரம் போக வர 90 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். பல வண்டிகளின் பேட்டரி அவ்வளவு தூரம் தாங்காது. ஒன்பது மணி வெயிலில், ஸ்டென்ட் வைத்தவர் அந்தக் கனத்தை மோட்டார் இல்லாமல் மிதிக்கும்படி விடக் கூடாது. முதல் சில வாரம் முட்டுக்காடு வரை வந்து திரும்பட்டும், ஏறக்குறைய பாதித் தூரம்தான். துணைக்கு ஒருவரை அனுப்புங்கள். பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்த பிறகு, சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டு மாமல்லபுரம் வரட்டும், டிபன் கடையில் கேட்டுச் செருகிக்கொள்ளலாம்.

பஞ்சர் ஆனால் பின்சக்கரம் உங்கள் சக்கரம் போல ஒரு நெம்பில் கழன்று வராது. மோட்டார் அதற்குள் இருந்தால் வயரைப் பிரித்து, நட்டைக் கழற்ற வேண்டும். அதற்குப் பொருந்தும் ஸ்பேனர் அவரிடமே இருக்கட்டும்.

நாளைக்கு வரப்போகும் நாலு பேருக்கு ஒரே விதி போதும்: பெடல் சுற்றினால்தான் வண்டி நகர வேண்டும். கைப்பிடியைத் திருகினாலே ஓடுகிற த்ராட்டில் வண்டி சட்டப்படி சரியாகவே இருக்கலாம், ஆனால் மிதிக்கிற வரிசைக்குள் அது வேண்டாம். இதைக் குழுவுக்கு நீங்களே அறிவியுங்கள். தன் நெஞ்சு வலியை ஒவ்வொருவரிடமும் விளக்கி அனுமதி கேட்கும் நிலைக்கு அவரைத் தள்ளாதீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலமே அவருக்கு ஒரு போன் போடுங்கள். “அண்ணே, ராத்திரியே சார்ஜ் போட்டுடுங்க, ஸ்பேனரை மறக்காம எடுத்துக்குங்க. வழக்கம்போல அஞ்சரைக்குக் கிளம்பறோம்.”