பில்ட் கோப்பை மாற்றும் புல் ரிக்வெஸ்ட்: சிஐ (தானியங்கிச் சோதனை) பச்சை காட்டினால் போதுமா?

போதாது. பில்ட் கோப்பில் (நிரலை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு) வரும் பிழை எப்போதும் பில்டை நிறுத்திவிடாது. சில சமயம் ஒரு வசதியைச் சத்தமில்லாமல் அணைத்துவிட்டு மேலே போய்விடும். 2024-இல் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் இப்படித்தான் நடந்தது. லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்க, சிமேக் என்ற பில்ட் கருவியின் கோப்பில் ஒரு சின்ன சி நிரல் உண்டு. அதற்குள் ஒற்றைப் புள்ளி ஒன்று செருகப்பட்டிருந்தது. அந்த நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. எனவே எப்போதும் 'வசதி இல்லை' என்றே முடிவு வரும். டிஃப்பில் (மாறிய வரிகளின் பட்டியல்) அந்தப் புள்ளி கண்ணில் படுவது கடினம்.

ஆகவே டிஃப்பைப் படிப்பதோடு விளைவையும் ஒப்பிடுங்கள். மாற்றத்துக்கு முன், பின் என இரண்டு காலி டைரக்டரிகளில் கான்ஃபிகர் (வசதிகளைச் சோதிக்கும் முதல் படி) செய்யுங்கள். பழைய டைரக்டரி வேண்டாம். சிமேக் கேஷில் முந்தைய சோதனை முடிவுகள் அப்படியே தங்கியிருக்கும். பிறகு கான்ஃபிக் ஹெடர் (சோதனை முடிவுகள் பதிவாகும் கோப்பு), கம்பைலர் கட்டளைகள், இன்ஸ்டால் ஆகும் கோப்புப் பட்டியல் மூன்றையும் டிஃப் எடுங்கள். காரணம் சொல்ல முடியாத ஒரு வரி மாறியிருந்தாலும் மெர்ஜ் செய்யாதீர்கள். 'இல்லை' என்று மாறிய சோதனைக்கு, லாகில் உள்ள கம்பைலர் பிழையைப் படியுங்கள். ஹெடர் கிடைக்கவில்லை என்றால் நியாயம். சின்டாக்ஸ் எரர் என்றால் சோதனையே உடைந்திருக்கிறது.

சார்புகள் (எது எதற்கு முன் பில்ட் ஆக வேண்டும் என்பது) மாறியிருந்தால் பல ஜாப்களோடு (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒருமுறை, ஒரே ஜாபோடு ஒருமுறை பில்ட் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் உடைந்தால் எங்கோ ஒரு சார்பு விடுபட்டிருக்கலாம். முடிந்த கையோடு மறுபடி பில்ட் செய்தால் எதுவும் கம்பைல் ஆகக் கூடாது.

வெளியீட்டு டார்பாலையும் (பதிப்பாகத் தரும் மூலநிரல் தொகுப்பு) கிட் டேகோடு (கிட் களஞ்சியத்தில் அந்தப் பதிப்புக்கான அடையாளம்) ஒப்பிடுங்கள். எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை (ரகசியமாக உள்ளே நுழைய வைத்த வழி) இயக்கிவைத்த எம்4 கோப்பு (பில்டுக்கான ஒரு ஸ்கிரிப்ட்) டார்பாலில் மட்டுமே இருந்தது, கிட்டில் இல்லை.