வாசகர் கேள்வி: கீபேடில் மாற்றிய எண் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: எங்கள் வார்ப்படப் பட்டறையில் புளோயர் மோட்டாருக்குச் சீமென்ஸ் வி20 டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பொருத்தியிருக்கிறோம். வேகம் எடுக்கும் நேரத்தை 10 வினாடியிலிருந்து 20 ஆக மாற்றினால், திரையில் 20 என்றுதான் தெரிகிறது. மறுபடி திறந்து பார்த்தால் பழைய 10 நிற்கிறது. மோட்டாரின் வோல்டேஜையும் ஆம்ப்ஸையும் மாற்றவே விடுவதில்லை. டிரைவ் பழுதா?
– மின்பணியாளர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளையும் வைத்துப் பார்த்தால் டிரைவ் பழுதாகத் தெரியவில்லை, இரண்டுக்கும் தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன.

மேல், கீழ் பட்டன்களை அழுத்தும்போது திரையில் ஓடுகிற எண், டிரைவ் இன்னும் ஏற்றுக்கொள்ளாத எண். ஓகே பட்டனை அழுத்தினால்தான் அது பதிவாகும். அதற்கு முன் எம் பட்டனை அழுத்தி வெளியே வந்தால், செய்த மாற்றம் கைவிடப்பட்டுப் பழைய மதிப்பே நிற்கும். வேகம் எடுக்கும் நேரத்துக்கான பாராமீட்டர் (அமைப்பு எண்) பி1120. அதை மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட மாற்றலாம் என்பதால், உங்கள் விஷயத்தில் இதுவே காரணமாக இருக்க வேண்டும். எதை மாற்றினாலும் வெளியே வந்து, அதே பாராமீட்டரை மறுபடி திறந்து, மதிப்பு நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வோல்டேஜ் (பி0304), ஆம்ப்ஸ் (பி0305), அதிர்வெண் (பி0310), சுற்று வேகம் (பி0311) ஆகிய மோட்டார் விவரங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. மோட்டாரை நிறுத்தி, அமைப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் பி0010-ஐ 1 ஆக வைத்த பிறகுதான் இவை மாற்றத்துக்கு இடம் கொடுக்கும். வேலை முடிந்ததும் பி0010-ஐ மறக்காமல் 0-க்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் ஸ்டார்ட் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் அசையாது, நீங்களும் வயரிங்கைக் கழற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்குவீர்கள். சில பாராமீட்டர்கள் பட்டியலிலேயே தென்படாமல் போவதற்கு அணுகல் நிலையான பி0003 காரணம்: அது 1-இல் இருக்கும்போது அடிப்படை விவரங்கள் மட்டுமே தெரியும், 2 அல்லது 3 ஆக உயர்த்தினால் மற்றவையும் வெளிப்படும்.

மதிப்புகளை மோட்டாரின் நேம் பிளேட்டைப் பார்த்தே எழுதுங்கள். ஓவர்லோடு டிரிப் (சுமை கூடி டிரைவ் தானாக நின்றுவிடுவது) வருகிறது என்பதற்காகப் பி0305-இல் உண்மையைவிடக் கூடுதலான ஆம்ப்ஸைப் போட்டுவைக்கும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. மோட்டார் எவ்வளவு சூடாகிறது என்பதை டிரைவ் அந்த எண்ணைக் கொண்டுதான் கணக்கிடுகிறது. எண்ணை உயர்த்தினால் டிரிப் நிற்கும், காயில் கருகும். டிரிப் ஏன் வருகிறது என்பதை பேரிங்கிலும் பெல்ட்டிலும் புளோயரின் டாம்பரிலும் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு) தேடுவதுதான் முறையான வேலை.

கேள்வி: புளோயர் சீக்கிரம் நிற்கட்டும் என்று நிறுத்தும் நேரத்தை 3 வினாடியாக வைத்தேன். இப்போது ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் எஃப்2 என்று காட்டி டிரிப் ஆகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: எஃப்2 என்பது ஓவர்வோல்டேஜ். புளோயரின் கனமான சக்கரத்தை மூன்றே வினாடியில் அடக்க முயலும்போது, மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை டிரைவுக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது. 415 வோல்ட் சப்ளையில் உள்ளே சுமார் 587 வோல்ட்டாக இருக்கும் டி.சி. மின்னழுத்தம் இதனால் ஏறி எல்லையைத் தாண்டுவதால், டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ளத் துண்டித்துவிடுகிறது. நிறுத்தும் நேரமான பி1121-ஐ 15 அல்லது 20 வினாடியாக உயர்த்திப் பாருங்கள். புளோயருக்கு அவசரமாக நிற்கவேண்டிய தேவை பெரும்பாலும் கிடையாது. உண்மையிலேயே விரைவாக நிற்க வேண்டுமென்றால் பிரேக்கிங் ரெசிஸ்டர் (திரும்பி வரும் ஆற்றலை வெப்பமாக்கிக் கரைக்கும் மின்தடை) பொருத்துவது ஒரு வழி. கீபேடில் நிறுத்தும் நேரத்தை மட்டும் குறைத்தால் அந்த ஆற்றல் எங்கும் போய்விடாது.

கேள்வி: ஏதேதோ மாற்றிவிட்டேன். மொத்தத்தையும் பழையபடி ஆக்க முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: முடியும். பி0010-ஐ 30 ஆகவும், பிறகு பி0970-ஐ 21 ஆகவும் வைத்தால் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். ஆனால் மோட்டார் விவரங்களும் ஸ்டார்ட் ஸ்டாப் வயரிங்குக்கான அமைப்புகளும் சேர்ந்தே போய்விடும் என்பதால், அவற்றையெல்லாம் கீபேடில் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே இதைச் செய்யுங்கள்.