துப்பாக்கி அல்ல, கூட்டம்தான் சிக்கல்
நீங்கள் நடத்தும் ‘கால் ஆஃப் கதுலு’ ஆட்டத்தில் உங்கள் குழு எதைக் கண்டாலும் துப்பாக்கியைத் தூக்குகிறது, திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதை வாசனையே இல்லை என்கிறீர்கள். அவர் கதைகளை வைத்து 1981இல் வந்த, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் இந்த விளையாட்டின் விதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். ‘கதுலு மித்தோஸ்’ அறிவு, அதாவது அந்தக் கதைகளின் கொடூரத் தொல்தெய்வங்களைப் பற்றிய அறிவு, எத்தனை புள்ளி ஏறுகிறதோ, பாத்திரத்தின் மனநிலைப் புள்ளியின் உச்சவரம்பு 99இலிருந்து அத்தனை இறங்கும். தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ளப் புத்தி பேதலிக்கும். கதைகளில் நடப்பதும் அதுதானே!

கதையிலிருந்து ஆட்டம் விலகுவது வேறிடத்தில். கதைகளில் பெரும்பாலும் ஒற்றை ஆள் மாட்டிக்கொள்வார். மேசையிலோ நாலைந்து பேர், பயம் பங்கு பிரிந்து கரைந்துவிடும். அடுத்த ஆட்டத்தில் அவர்களைப் பிரித்துவிடுங்கள். துப்பாக வரும் பழைய நாட்குறிப்பை ஒருவரிடம் மட்டும், தனிச்சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

சரி, துப்பாக்கி? இருக்கட்டும். விளையாட்டுக்குப் பெயர் தந்த மூலக்கதையிலேயே கதுலு என்ற அந்தப் பூதாகார உருவத்தின் மேல் கப்பலைக் கொண்டுபோய் மோதுகிறார்கள். சிதறிய உடம்பு மறுபடி ஒன்றுகூடிவிடுகிறது; துப்பாக்கி என்ன செய்துவிடும்?