1854ல மெட்ராஸ் சித்திரவதை பத்தி லண்டன்ல பேசின எம்பிங்க யாரு, அவங்க பேச்சை ஆதாரமா எடுத்துக்கலாமா?

திருச்சி பக்கத்துல எம்.ஏ. வரலாறு படிக்கிற ஒரு வாசகி கேட்டிருக்காங்க. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில மெட்ராஸ் மாகாணத்துல வரி வசூலுக்காக விவசாயிகளை சித்திரவதை பண்ணதுதான் அவங்க ஆய்வு. 1854 ஜூலையில பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல இது பேசப்பட்டிருக்குன்னு ஒரு புத்தகத்துல படிச்சாங்களாம், அதுல சீமோர், பிளாக்கெட், வுட், ஹாக்னு வெறும் பேரு மட்டும் இருக்காம். இவங்கல்லாம் யாரு, எந்த ஊர் எம்பி, எப்படி கண்டுபிடிக்கிறது, ஹன்சார்டுல, அதாவது பார்லிமென்ட் பேச்சுகளோட அச்சுப் பதிவுல, இருக்கிற பேச்சை அப்படியே மேற்கோள் போடலாமா, இதுதான் கேள்வி.

நல்ல கேள்வி. மேற்கோள் விஷயத்தை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா வைவால மாட்டுறது அங்கதான். 1854 ஹன்சார்டை இப்போ டிவில வர்ற லோக்சபா நேரலை மாதிரி நினைச்சுக்காதீங்க. அந்தக் காலத்துல ஹன்சார்டுங்கிறது ஒரு தனியார் பதிப்பு, அவங்களுக்குன்னு சபைக்குள்ள உக்காந்து எழுத ஆளே கிடையாது, டைம்ஸ் மாதிரி பத்திரிகைகள்ல வந்த ரிப்போர்ட்டை எல்லாம் சேர்த்து ஒட்டி, சில சமயம் பேசின எம்பிக்கே அனுப்பி திருத்தி வாங்கி, அப்புறமா வால்யூமா போடுவாங்க. அரசாங்கம் காசு குடுத்து ஓரளவு சொந்த நிருபர் வச்சதே 1878க்கு அப்புறம்தான், பேசினது பேசினபடி முழுசா வர ஆரம்பிச்சது 1909ல. அதனால நீங்க பார்க்கப்போற பக்கத்துல "திரு. பிளாக்கெட் சொன்னார், தான் இதை வலியுறுத்துவதாக" அப்படின்னு படர்க்கையிலதான் ஓடும். அதை எடுத்து மேற்கோள் குறிக்குள்ள போட்டு "பிளாக்கெட் சொன்ன வார்த்தைகள்"னு எழுதினீங்கன்னா தப்பு. "ஹன்சார்டு பதிவுப்படி அவர் வாதம் இது"ன்னு எழுதுங்க. முடிஞ்சா அதுக்கு அடுத்த நாள் டைம்ஸையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க, அதுல இருக்கிற சிரிப்பு, கூச்சல், குறுக்கீடெல்லாம் ஹன்சார்டுல பாதி காணாமப் போயிருக்கும்.

இன்னொண்ணு, ஹன்சார்டுல பக்க எண் இல்ல, காலம் (column, பக்கத்துல உள்ள பத்தி) எண்தான். வால்யூமையும் காலத்தையும் போடுங்க, பக்கம்னு போட்டா பரீட்சை பண்றவர் சிரிப்பார். 1803லேர்ந்து 2005 வரைக்கும் உள்ளது இலவசமா ஆன்லைன்ல இருக்கு, தேதி வாரியா போய் பார்க்கலாம். பேரை க்ளிக் பண்ணா அந்த எம்பியோட பக்கம் வரும், ஆனா அதை கண்ணை மூடிட்டு நம்பாதீங்க. ஒரே குடும்பப் பேர்ல அப்பா, மகன், ஒண்ணுவிட்ட அண்ணன்னு ஒரே சமயத்துல ரெண்டு மூணு பேர் சபையில இருப்பாங்க, கம்ப்யூட்டர் ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் கணக்குல எழுதி வச்சிருக்கும்.

சரி, ஆளுங்க விஷயத்துக்கு வருவோம். 1832 சீர்திருத்தச் சட்டத்துக்கு அப்புறம் காமன்ஸ் சபையில (கீழ்சபை) மொத்தம் 658 சீட்டு, இங்கிலாந்து வேல்ஸ் சேர்ந்து 500, ஸ்காட்லாந்து 53, அயர்லாந்து 105. ஆனா நீங்க எழுதற 1854ல அந்த எண்ணிக்கை 654. ஏன் நாலு குறைஞ்சதுன்னா சட்பரி, செயின்ட் ஆல்பன்ஸ்னு ரெண்டு ஊர்லயும் ஓட்டுக்கு காசு குடுத்த ஊழல் நாறிப்போய் 1844லயும் 1852லயும் அந்த ஊர்களோட சீட்டையே பறிச்சுட்டாங்க. (சட்பரி கதை நம்ம ஆளுங்களுக்கு சுவாரசியம்: 1841ல அங்க ஜெயிச்சவர் டேவிட் ஆக்டர்லோனி டைஸ் சோம்பர், சர்தானா பேகம் சம்ருவோட வாரிசு, இந்திய வம்சாவளியில வந்த முதல் எம்பின்னு பரவலா சொல்லப்படறவர். லஞ்சக் குற்றச்சாட்டுல 1842லயே தேர்தல் செல்லாதுன்னு ஆயிடுச்சு. தாதாபாய் நௌரோஜி 1892ல ஃபின்ஸ்பரில வெறும் 5 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சதுக்கு அரை நூற்றாண்டு முந்தி!) அதனால ஆய்வேட்டுல பழக்கதோஷத்துல 658னு எழுதிடாதீங்க.

பெரும்பாலான தொகுதிகளுக்கு ரெண்டு எம்பி. "பூல் எம்பி சீமோர்"னு எழுதலாம், ஆனா "பூலோட ஒரே எம்பி"ங்கிற அர்த்தம் வரக்கூடாது. ஹென்றி டான்பி சீமோர் 1850லேர்ந்து 1868 வரைக்கும் பூல்ங்கிற சின்ன துறைமுக ஊருக்கு எம்பி, மொத்தமே சில நூறு ஓட்டு உள்ள ஊரு. ஜான் ஃபென்விக் பிளாக்கெட் நியூகாசில் அபான் டைன் எம்பி, 1852லேர்ந்து 1856 வரை. சர் சார்லஸ் வுட் ஹாலிஃபாக்ஸ் எம்பி, ஆனா முக்கியமானது அது இல்ல, அப்போ அவர்தான் போர்டு ஆஃப் கன்ட்ரோல் தலைவர், அதாவது கம்பெனியை மேற்பார்வை பாக்கிற மந்திரி. சர் ஜேம்ஸ் வியர் ஹாக் ஹோனிட்டன் எம்பி, அதோட கம்பெனியோட டைரக்டர், சேர்மனாவும் இருந்தவர், கல்கத்தாவுல வக்கீலா இருந்து நிறைய சம்பாதிச்சுட்டு ஊர் திரும்பினவர்.

இப்போ பாருங்க, தொகுதி பேரை வச்சு உங்களுக்கு என்ன தெரிஞ்சது? ஒண்ணும் இல்ல. பூல்ல மெட்ராஸ் ரயத்து (விவசாயி) பத்தி யாருக்கும் கவலை கிடையாது. அதனால ஒவ்வொரு பேருக்கும் மூணு கேள்வி கேளுங்க: சோறு எங்கிருந்து வருது, கம்பெனில பங்கோ பதவியோ இருக்கா, இந்தியா பத்தின தகவல் யாரு குடுத்தா. அப்போ எம்பிக்கு சம்பளமே கிடையாது, அது 1911லதான் வந்தது. கவுன்டி எம்பின்னா வருஷத்துக்கு 600 பவுண்டு, நகர எம்பின்னா 300 பவுண்டு வருமானம் வர்ற சொத்து இருக்கணும்னு 1858 வரைக்கும் சட்டம் இருந்தது, அதை ஏமாத்த நண்பர் சொத்தை பேருக்கு எழுதி வாங்கிக்கிட்டவங்களும் உண்டு. ஆக சபையில உக்காந்திருந்தது நிலக்காரங்க, வக்கீலுங்க, ராணுவ அதிகாரிங்க, பேங்க் ஆளுங்க, மில் முதலாளிங்க, அப்புறம் கம்பெனி ஆளுங்க. மான்செஸ்டர் எம்பி ஜான் பிரைட் மெட்ராஸ் ரோடு, பாசனம் பத்தியெல்லாம் ஏன் அவ்வளவு அக்கறையா பேசினார்னு பார்த்தா மனிதாபிமானம் உண்மைதான், ஆனா லங்காஷயர் மில்லுக்கு இந்தியப் பருத்தி வேணும்ங்கிறதும் உண்மை. 1848ல இந்தியப் பருத்தி பத்தின தேர்வுக்குழுவுக்கு (ஒரு விஷயத்தை விசாரிக்க சபை போடற எம்பிங்க குழு) தலைவரே அவர்தான். (பிரைட்டையே "மான்செஸ்டர் எம்பி"ன்னு எல்லா வருஷத்துக்கும் போடாதீங்க. 1843ல டர்ஹாம், 1847லேர்ந்து மான்செஸ்டர், 1857 தேர்தல்ல தோத்துட்டு பர்மிங்ஹாம். வருஷம் பார்த்துத்தான் ஊர் போடணும்.)

தகவல் யாரு குடுத்தாங்கிற மூணாவது கேள்விதான் உங்க ஆய்வுக்கு உயிர். சீமோர் 1853ல மெட்ராஸுக்கே வந்தவர். இங்க கஜுலு லட்சுமிநரசு செட்டி 1852ல மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன் ஆரம்பிச்சு, கம்பெனி சாசனம் (இந்தியாவை ஆள பார்லிமென்ட் குடுக்கிற அனுமதி) புதுப்பிக்கிற நேரம் பார்த்து பார்லிமென்டுக்கு மனு அனுப்பியிருந்தார், அதுல வரிக்கொடுமை பத்தியும் இருந்தது. சீமோர் வந்தப்போ அவரைக் கூட்டிட்டு உள்ளூரெல்லாம் சுத்திக் காட்டினதும் செட்டியார்தான். ஆக 1854 ஜூலையில லண்டன்ல எழுந்து பேசினது ஒரு வெள்ளைக்காரர்னாலும் அந்தப் பேச்சுக்குப் பின்னாடி இருந்த வேலை மெட்ராஸ்ல நடந்தது. என்னைக் கேட்டா உங்க அத்தியாயத்தை பார்லிமென்ட்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, செட்டியார்கிட்டேர்ந்து ஆரம்பிங்க.

லார்டுன்னு பேருக்கு முன்னாடி இருந்தா உடனே பிரபுக்கள் சபைன்னு நினைக்கிறதுதான் நம்ம மாணவர்கள் பண்ற பெரிய குழப்பம். பாமர்ஸ்டன் பிரபு கடைசி வரைக்கும் காமன்ஸ்லதான் இருந்தார், அவர் பட்டம் அயர்லாந்து பட்டம், அதுக்கு தானா பிரபுக்கள் சபை சீட்டு வராது. லார்டு ஜான் ரஸ்ஸல் ஒரு டியூக்கோட இளைய மகன், லார்டுங்கிறது மரியாதைக்கு, 1861ல ஏர்ல் ஆன பிறகுதான் மேல்சபைக்குப் போனார். அதே மாதிரி ஒரு எம்பி திடீர்னு "சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் ஸ்டூவர்டு" பதவி வாங்கினார்னு படிச்சா ஏதோ பதவி உயர்வுன்னு எழுதிடாதீங்க, அது ராஜினாமா. நேரடியா ராஜினாமா பண்ண வழி இல்லாததால பேருக்கு ஒரு அரசு வேலையை வாங்கிக்கிட்டு சீட்டை விட்டுடுவாங்க. அந்தக் காலத்துல மந்திரி ஆனாலும் சீட்டு போகும், திரும்ப ஊருக்குப் போய் இடைத்தேர்தல்ல ஜெயிச்சு வரணும். அதனால ஒரே ஆளுக்கு ஒரே வருஷத்துல ரெண்டு தேர்தல் தெரிஞ்சா பயப்படாதீங்க.

ஆளோட குறிப்பு எங்க கிடைக்கும்னா, 1830கள்லேர்ந்து வருஷா வருஷம் வந்த டாட் கையேட்டுல பாருங்க. குடும்பம், கட்சிச் சாய்வு, எந்த விஷயத்துக்கு ஆதரவு எல்லாம் சுருக்கமா இருக்கும், ஆனா அதுல நிறைய அந்த எம்பியே எழுதிக் குடுத்தது, அதனால "லிபரல், சீர்திருத்தத்துக்கு ஆதரவு"ன்னு இருந்தா அது அவர் தன்னைப் பத்தி சொன்னது, அவ்வளவுதான். உண்மையில எந்தப் பக்கம் ஓட்டு போட்டார்னு பார்க்க டிவிஷன் (ஓட்டெடுப்பு) பட்டியல் இருக்கு, 1836லேர்ந்து சபையே அதிகாரபூர்வமா வெளியிடுது. எனக்கு எப்பவும் பேச்சை விட இந்தப் பட்டியல் மேலதான் நம்பிக்கை. வாய் கிழியப் பேசிட்டு மணி அடிச்சதும் ஆளைக் காணோம்ங்கிறது அந்த சபையில சர்வ சாதாரணம்.

அடுத்து, அந்த நாள் எப்படிப்பட்ட நாள்னு பாருங்க. 1854 ஜூலை 11 செவ்வாய்க்கிழமை, பிளாக்கெட் மெட்ராஸ் நிலவரி முறை பத்தி தீர்மானம் கொண்டுவந்த நாள். மந்திரி அல்லாத எம்பிங்க தங்களோட தீர்மானத்தைக் கொண்டுவர ஒதுக்கியிருந்த கிழமைகள்ல செவ்வாயும் ஒண்ணு. சபை சாயங்காலம் நாலு மணி வாக்கில கூடி நடுராத்திரி தாண்டியும் ஓடும், நடுராத்திரிக்கு அப்புறம் பேசினதும் முதல் நாள் தேதியிலதான் பதிவாகும். 40 பேர் இருந்தாத்தான் சபை, யாராவது ஒருத்தர் எழுந்து தலை எண்ணச் சொல்லி குறைஞ்சா அன்னிக்கு அவ்வளவுதான், மூட்டை கட்டிட்டுப் போகலாம். இந்தியா விவகாரம்னா பெஞ்சு காலியாகறது பேர்போனது. அதுவும் ஜூலைன்னா கூட்டத்தொடர் முடியற நேரம், வெளியே கிரிமியப் போர் வேற ஓடிட்டிருக்கு, ஆகஸ்ட் வந்தா எல்லாரும் ஸ்காட்லாந்துக்கு வேட்டைக்கு ஓடிடுவாங்க. இதெல்லாம் தாண்டித்தான் அன்னிக்கு சித்திரவதைங்கிற வார்த்தை அந்த சபையில ஒலிச்சது. கம்பெனி பக்கத்து ஆட்கள் நம்பவே மாட்டேன்னாங்க.

இங்கதான் உங்க ஆய்வுக்கு நான் ஒண்ணு சொல்லணும். பேச்சோட நின்னுடாதீங்க. அந்த பார்லிமென்டோட அசல் வேலை பாதிக்கு மேல சபைக்கு வெளியிலதான் நடந்தது, தேர்வுக்குழுக்கள்ல, அச்சான அறிக்கைகள்ல. உதாரணத்துக்கு 1846ல மட்டும் 200க்கு மேல ரயில்வே சட்டம் பாஸாச்சு, அதுல எத்தனை சபையில பேசப்பட்டிருக்கும்னு நினைக்கிறீங்க, எல்லாம் குழு அறையில வக்கீல் வச்சு சாட்சி விசாரிச்சு முடிச்சது. இந்திய விஷயமும் அப்படித்தான். 1854 விவாதத்தோட விளைவா அந்த செப்டம்பர்ல மெட்ராஸ்ல சித்திரவதை விசாரணைக் கமிஷன் போட்டாங்க, எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன்னு மூணு பேர். 1855ல அறிக்கை. மொத்தம் 1,959 புகார், அதுல 519 பேர் நேர்ல வந்து சொன்னாங்க, மீதி எழுத்துல. விரலை நசுக்கற கிட்டியும், தலையை குனிய வச்சு கால்விரலோட கட்டற அண்ணாந்தாளும் அதிகமா நடந்ததுன்னு அந்த அறிக்கையே விவரமா எழுதுது. "சபையில நம்ப மறுத்தாங்க"ங்கிறதையும் இந்த அறிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே உங்க அத்தியாயம் முக்கால்வாசி முடிஞ்சது. இந்த அறிக்கை பார்லிமென்ட் பேப்பர்ஸ் வரிசையிலயும் அச்சாச்சு, பெரிய பல்கலைக்கழகத்துல டேட்டாபேஸ் சந்தா இருக்கும், உங்க காலேஜ்ல இல்லன்னா பழைய புத்தக ஸ்கேன் வச்சிருக்கிற இலவச தளங்கள்ல தேடுங்க, எழும்பூர் ஆவணக்காப்பகத்துல மெட்ராஸ் அரசோட ரெவின்யூ கோப்புகளையும் கேட்டுப் பாருங்க.

மனு பத்தியும் ஒரு வார்த்தை. 1833லேர்ந்து மனுக்களுக்குன்னே ஒரு குழு இருந்தது, எந்த நாள்ல எந்த எம்பி எந்த மனுவைக் கொடுத்தார், எத்தனை கையெழுத்துன்னு அதோட அறிக்கைகள்ல பட்டியல் இருக்கும். ஹன்சார்டுல மனு பத்தி தேடி கிடைக்கலன்னா மனுவே போகலன்னு முடிவு பண்ணாதீங்க, 1840கள்லயே மனு மேல விவாதம் பண்றதை நிறுத்திட்டாங்க, குடுத்துட்டு உக்கார வேண்டியதுதான். அதனால குழு அறிக்கையைத்தான் பார்க்கணும்.

கடைசியா ஒரு விஷயம், கைடு கண்டிப்பா கேப்பார்: இவ்வளவு நடந்தும் பார்லிமென்ட் ஏன் இந்தியாவை வருஷா வருஷம் கறாரா பிடிக்கலன்னு. 1858ல கம்பெனி ஆட்சி போய் இந்தியா மந்திரி வந்தப்புறமும் அவர் சம்பளம் இந்திய வரிப்பணத்துலேர்ந்துதான் போச்சு, பிரிட்டிஷ் பட்ஜெட்லேர்ந்து இல்ல. மத்த மந்திரிங்க சம்பளத்துக்கு சபை பணம் ஒதுக்கும்போது அந்த சாக்குல அவங்களை உரிச்சு எடுக்கலாம், இந்தியா மந்திரிக்கு அந்த வாய்ப்பே இல்ல, முதல் உலகப்போர் முடியற வரைக்கும் அப்படித்தான். இந்தியக் கணக்கு பெரும்பாலும் கூட்டத்தொடர் கடைசியில காலி பெஞ்சு முன்னாடி வரும். ஹென்றி ஃபாசெட்னு ஒருத்தர், பார்வையில்லாதவர், பிரைட்டனுக்கும் அப்புறம் ஹாக்னிக்கும் எம்பி, அந்தக் கணக்கை விடாம நோண்டினதாலயே அவருக்கு "இந்தியாவுக்கான எம்பி"ன்னு பேரு வந்தது. 1871லேர்ந்து 74 வரைக்கும் நடந்த இந்திய நிதி தேர்வுக்குழுவோட சாட்சியங்களை எடுத்துப் பாருங்க.

சீமோரை ஹீரோ ஆக்கறதுக்கு முன்னாடி இதையும் பார்த்துக்கோங்க: 1855ல அவரே போர்டு ஆஃப் கன்ட்ரோலுக்கு செயலாளர் ஆயிட்டார், 1858 வரைக்கும். எதிர்த்துப் பேசினவர் அந்த நாற்காலிக்குப் போன பிறகு மெட்ராஸ் பத்தி சபையில என்ன பேசினார்ங்கிறதை 1854 பேச்சோட ஒப்பிட்டீங்கன்னா யாரும் அதிகம் தொடாத ஒரு பகுதி உங்களுக்குக் கிடைக்கும். தேடலை 1855 கூட்டத்தொடர்லேர்ந்து ஆரம்பிங்க.