போதகர் பதில்கள்

கேள்வி: திடப்படுத்தல் எடுத்து, அதாவது விசுவாசத்தைச் சபைமுன் உறுதிப்படுத்தி, முப்பது வருஷம் ஆகிறது. ஆராதனையை விட்டதில்லை, பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இருக்கிறேன். ஆனாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், ஐயா. சொத்துத் தகராறுக்குப் பிறகு நாத்தனாரோடு பேச்சுவார்த்தையும் இல்லை. இனி என்ன வளர்ச்சி?
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: அம்மா, பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதிய அப்போஸ்தலர் பவுலே, 'நான் இன்னும் அடைந்துவிடவில்லை, தொடர்கிறேன்' என்ற பொருளில்தான் எழுதுகிறார். எனக்கு அதைவிடப் பிடித்த இடம், அவர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 4-ஆம் அதிகாரம். ஓட்டத்தை முடித்தேன் என்று சொன்ன கையோடு, துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் எடுத்துவா என்கிறார். சாவு வாசலில் நிற்கிறது. மனுஷன் படிக்கப் புஸ்தகம் கேட்கிறார்!

வாக்குத்தத்த அட்டையில் வரும் ஒரு வசனத்தோடு நிறுத்தாதீர்கள். (அந்த அட்டையை நாங்களும்தான் கொடுக்கிறோம், என்ன செய்ய!) மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம்தான், தினம் ஒன்று, வரிசையாக.

அப்புறம், கலாத்தியர் 5-இல் சொன்ன நீடிய பொறுமையும் தயவும் சங்கக் கூட்டத்தில் தெரியாது, நாத்தனாரிடம்தான் தெரியும். கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு போன் போடுங்கள். சொத்துப் பேச்சை எடுக்க வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.